ஜெர்மன்டவுன் சாலையில் ஒரு கல் வீடு

இன்றைக்கு அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குப் போகிறோம். சுற்றுலாக்காரர்கள் கூட்டமாக நிற்கும் விடுதலை மணிக்கும் சுதந்திர மண்டபத்துக்கும் அல்ல. அங்கிருந்து வடமேற்கே, 23ஆம் எண் பேருந்து போகும் தடத்தில் இருக்கிற ஜெர்மன்டவுன் என்ற பகுதிக்கு. முன்பு இந்தத் தடத்தில் டிராம் ஓடியது. 1992இல் அதை நிறுத்திவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்தெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. பல இடங்களில் அது சாலையிலேயே பதிந்து கிடக்கிறது.

சாலைக்கும் ஜெர்மன்டவுன் என்றே பெயர். முடி பின்னிவிடும் கடைகள், பூட்டிக் கிடக்கும் கடைகள், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அவற்றுக்கு நடுவே, இருநூறு முந்நூறு வருடத்துக் கல் கட்டடங்கள். இங்கே குடியிருப்போரில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 6119ஆம் இலக்கத்துக்கு எதிரே இறங்கிக்கொள்ளுங்கள். ஒரு தாழ்ந்த மதில், உள்ளே சின்னக் கல்லறைத் தோட்டம், அதையொட்டி மாடியில்லாத ஒரு கல் வீடு. கோபுரம் இல்லை, சிலுவை இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை. பலகையைப் படிக்காவிட்டால், யாரோ கொஞ்சம் வசதியான குடியானவர் கட்டிய வீடு என்று நினைத்துக் கடந்துவிடுவீர்கள். 1770இல் எழுந்த இந்த வீடு, வட அமெரிக்காவின் மிகப் பழைய மென்னோனைட் சபையின் ஆராதனை வீடு.

மென்னோனைட்டுகள் யார்? கைக்குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்தவர் தாமே விரும்பிப் பெற்றால்தான் செல்லும் என்று 1525இல் சூரிச் நகரில் சிலர் கிளம்பினார்கள். கத்தோலிக்க அரசுகளும் அவர்களைக் கொன்றன, புராட்டஸ்டண்ட் அரசுகளும் கொன்றன. சிதறிப்போனவர்களை வடக்கே நெதர்லாந்துப் பக்கம் ஒன்றுசேர்த்தவர் முன்னாள் பாதிரியார் மென்னோ சைமன்ஸ்; பெயர் அவரால் வந்தது. ஆயுதம் தொடமாட்டார்கள், நீதிமன்றத்தில் சத்தியம் செய்யமாட்டார்கள். இந்தியாவிலும் அவர்கள் உண்டு: 1899இல் பஞ்ச நிவாரணத்துக்கு வந்த அமெரிக்க மென்னோனைட்டுகள் இன்றைய சத்தீஸ்கரில் உள்ள தம்தரியில் தங்கிப்போனார்கள்.

ஜெர்மன்டவுனுக்கு வருவோம். 1683 அக்டோபரில் கன்கார்ட் என்ற கப்பலில் 13 குடும்பங்கள் வந்து இறங்கின. ரைன் நதிக்கரையின் கிரேஃபெல்ட் ஊரார். பெரும்பாலும் லினன் நெசவாளர்கள். ஒரு சிக்கலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவர்கள் பரம்பரையில் மென்னோனைட்டுகள்தான், ஆனால் கப்பல் ஏறுவதற்கு முன்பே அநேகமாக எல்லாரும் குவேக்கர் என்ற இன்னொரு கிறிஸ்தவச் சபைக்கு மாறியிருந்தார்கள். மென்னோனைட்டாகவே இருந்தவர்கள் பின்னால்தான் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் வில்லியம் ரிட்டன்ஹவுஸ். காகிதம் செய்யத் தெரிந்தவர். அந்தக் காலத்தில் காகிதம் மரத்திலிருந்து வரவில்லை, கந்தல் லினன் துணியிலிருந்து வந்தது. ஊரே லினன் நெய்கிற ஊர். துணி நைந்தால் கந்தல். பக்கத்திலேயே ஓடைத் தண்ணீர். பிலடெல்பியாவில் காகிதத்துக்கு ஏங்கும் ஓர் அச்சுக்காரர். 1690இல் பிரிட்டிஷ் அமெரிக்காவின் முதல் காகித ஆலை அந்த ஓடைக்கரையில் எழுந்தது. அந்த ஆலைக்காரரே இந்தச் சபையின் முதல் போதகர். சம்பளம் வாங்கும் போதகர்கள் அவர்களிடம் அன்றைக்கு இல்லை. வாரம் முழுக்கக் கந்தல் கூழ், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம். அவருடைய கொள்ளுப்பேரன்தான் வானியலாளர் டேவிட் ரிட்டன்ஹவுஸ், அமெரிக்க நாணயச் சாலையின் முதல் இயக்குநர்.

போதகர் இருந்தாரே தவிர, ஞானஸ்நானம் கொடுக்க அவருக்குத் தயக்கம். முறையாக மூப்பர் ஒருவர் கைவைத்து ஏற்படுத்தாமல் நான் எப்படிக் கொடுப்பது என்ற கேள்வி. ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுதினார்கள். யாரும் கடல் தாண்டி வரத் தயாராக இல்லை. நீங்களே பார்த்துச் செய்துகொள்ளுங்கள் என்றுதான் பதில் வந்தது. 1708இல் மரக்கட்டைகளை அடுக்கி ஒரு சிறு ஆராதனை வீடு கட்டினார்கள். அதே வருடம் ரிட்டன்ஹவுஸ் காலமாகிவிட, அவருக்குப் பின் வந்த ஜேக்கப் காட்ஷாக் 11 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். சபை உருவானது அப்படித்தான்.

இப்போது, பின்னால் 1770இல் எழுந்த அந்தக் கல் வீட்டின் உள்ளே இருக்கும் ஒரு மேசையைப் பற்றி. சாதாரணப் பழைய மேசைதான். 1688 ஏப்ரலில் ஜெர்மன்டவுன்காரர்கள் நால்வர், அடிமை வியாபாரத்தை எதிர்த்து ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். அமெரிக்கக் குடியேற்றங்களில் இந்த வகையில் முதல் எழுத்து அது. கையெழுத்து விழுந்தது இந்த மேசைமேல்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. மனு கேட்டது எளிய கேள்விகள். கடலில் துருக்கியர் பிடித்து அடிமையாக விற்றுவிடுவார்களோ என்று நாம் அஞ்சுகிறோமே, நாம் செய்வது மட்டும் என்ன? ஐரோப்பாவில் மனச்சாட்சிக்காக மனிதரை ஒடுக்கினார்கள், இங்கே நிறத்துக்காக ஒடுக்கலாமா? அடிமைகள் எதிர்த்து நின்றால், போரே கூடாது என்கிற நீங்கள் வாள் எடுப்பீர்களா?

இதை மென்னோனைட் மனு என்று சொல்வோர் உண்டு. பாதி சரி. கையெழுத்திட்டவர்கள் குவேக்கர்களின் கூட்டத்தில் இருந்தவர்கள், மனு போனதும் குவேக்கர்களிடம். மாதக் கூட்டம் இது எங்களுக்குப் பெரிய விஷயம் என்று காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. அது ஆண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது. அங்கே ஓரமாக வைத்துவிட்டார்கள். நம்மூர் அலுவலகக் கோப்பு போலத்தான். 1844இல் ஒருமுறை அகப்பட்டு, மறுபடி காணாமல் போய், 2005இல் பிலடெல்பியாவின் ஒரு குவேக்கர் மன்றத்துப் பெட்டகத்தில் கிடைத்தது. மனுவை எழுதியவர்கள் ஒரு சபை, மேசை போய்ச் சேர்ந்தது இன்னொரு சபை. இதே சாலையில் சற்று மேலே ஜான்சன் வீடு இருக்கிறது. 1850களில் தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமைகளுக்கு அங்கே ஒளிவிடம் கொடுத்தது ஒரு குவேக்கர் குடும்பம்.

வெளியே மதிலுக்கு வாருங்கள். அமெரிக்க விடுதலைப் போர்க்காலம். 1777 அக்டோபர் 4, மூடுபனி அடர்ந்த காலை. வாஷிங்டனின் படை இந்தச் சாலை வழியாகப் பிரிட்டிஷாரைத் தாக்கியது. பிரிட்டிஷ் தளபதி ஜேம்ஸ் ஆக்னியூவை, மென்னோனைட் கல்லறைத் தோட்டத்து மதிலுக்குப் பின்னால் பதுங்கியிருந்த ஒருவன் சுட்டான் என்கிறார்கள். சாலையில் கீழே உள்ள கிரம்பிள்தோர்ப் என்ற வீட்டில் அவர் இறந்தார்; அங்கே தரையில் இரத்தக் கறையை இன்றும் காட்டுகிறார்கள். துப்பாக்கி தொடாதவர்களின் மதில் துப்பாக்கிக்காரனுக்கு அரணாயிற்று! அதே விடுதலைப் போரின்போது இன்னொன்றும் நடந்தது. இச்சபையாரின் முன்னோர் கொலையுண்ட கதைகளைச் சொல்லும் தியாகிகள் நூலை 1748இல் எஃப்ராட்டா ஊரில் ஜெர்மன் மொழியில் அச்சிட்டிருந்தார்கள். விற்காமல் கிடந்த தாள்களைத் தோட்டா சுற்றப் படையினர் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு வருகிற நீண்ட காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். மென்னோனைட்டுகளுக்கு நிலம் வேண்டும். 1702இலிருந்தே ஸ்கிப்பேக் போன்ற உழவு நிலங்களுக்குப் போய்விட்டார்கள். பிரான்கோனியா மாநாடு என்று பல சபைகள் சேர்ந்த பெரிய அமைப்பு அங்கே வளர்ந்தது. கிளைகள் தழைக்க, ஜெர்மன்டவுன் சபை மெலிந்தது. 1854இல் ஊரைப் பிலடெல்பியா நகரம் விழுங்கியது. ஆலைகள் வந்தன, மூடின; தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் வந்தார்கள், வெள்ளையர் பலர் புறநகருக்குப் போனார்கள். இருபதாம் நூற்றாண்டில் சபை மிகமிகச் சிறுத்துப்போனது. ஆனால் கதவைச் சாத்தவில்லை. என்னைக் கேட்டால், முதல் ஆலையையும் முதல் மனுவையும்விட இதுதான் இந்த இடத்தின் பெரிய செய்தி.

பின்னால் நகரத்தில் வேலை தேடியும் சேவை செய்யவும் வந்த இளைஞர்களால் சபை மறுபடி நிரம்பியது. அவர்களில் தன்பாலீர்ப்பு உடையவர்களும் இருந்தார்கள். அவர்களைச் சபை முழு உறுப்பினராக ஏற்றது. பிரான்கோனியா மாநாடு ஒப்பவில்லை. பல ஆண்டு வாதத்துக்குப் பிறகு, 1997 அக்டோபரில் வாக்கெடுத்து ஜெர்மன்டவுன் சபையை நீக்கியது. அந்த மாநாட்டின் சபைகளிலேயே மூத்தது இது. மகள் வீட்டார் கூடித் தாயை வெளியே அனுப்பினார்கள். இரு தரப்பிலும் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்கள்.

சபை கலையவில்லை. 1770ஆம் ஆண்டின் கல் வீட்டை இப்போது ஓர் அறக்கட்டளை பாதுகாத்து வருகிறது. உள்ளே பார்க்க வேண்டுமானால் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். சபை கூடுவது அருகே வாஷிங்டன் லேன் தெருவில், வேறொரு கட்டடத்தில். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பாட்டு நேரத்துக்குள் போய்விடுங்கள். நான்கு குரலாகப் பிரித்துப் பாடுவது மென்னோனைட்டுகளின் பழைய வழக்கம்.