கொத்தனார் வழக்கில் நம் ஊர்ப் பெயர்

(நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் நினைவு நாளில் ஹேடோவில் நடந்த கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



2014-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் நீதிபதி கிருஷ்ணய்யர் மறைந்தார். "டெல்லியில் தீர்ப்பு எழுதியவருக்கு இந்தத் தீவில் எதற்கு ஐயா கூட்டம்?" என்று துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் எழுதிய ஒரு தீர்ப்பில் நம் ஊரின் பெயர் இருக்கிறது. 2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்டதே, அந்தப் போர்ட் பிளேர்தான். அது அங்கே எப்படி வந்தது என்று சொன்னால் தோழருக்குப் பதில் கிடைத்துவிடும்.

மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்று ஓர் ஏழைக் கொத்தனார். அவரை ஜாமீனில் விடும்படி உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் கீழே மாஜிஸ்டிரேட் 10,000 ரூபாய்க்கு ஆள் ஜாமீன் கேட்டார். கரண்டி பிடித்துப் பிழைக்கிறவனுக்கு 1978-இல் பத்தாயிரம் ரூபாய்! உடன்பிறந்தவர் ஜாமீன் நிற்க முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். மோதிராம் மறுபடியும் உச்ச நீதிமன்றத்துக்கே போனார்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் கிருஷ்ணய்யரும் நீதிபதி டி.ஏ. தேசாயும் தீர்ப்பளித்தார்கள். எழுதியவர் கிருஷ்ணய்யர். ஒரு மலையாளியோ, கன்னடக்காரரோ, தமிழரோ, ஆந்திரக்காரரோ பஸ்தாரிலோ, போர்ட் பிளேரிலோ, பஹல்காமிலோ, சாந்தினி சவுக்கிலோ கைதானால், அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார். வேலை தேடியோ கூட்டத்தோடு கூட்டமாகவோ வந்தவருக்கு அங்கே யாரையுமே தெரியாமல் இருக்கலாமே என்றார். இந்த நாட்டின் எந்த மொழியிலும் அதிகாரிகளிடம் முறையிட அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு உரிமை தருகிறது என்பதையும் நினைவூட்டினார். மோதிராமை 1,000 ரூபாய்க்குச் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார்.

தோழர்களே, இது நமக்குப் புதிய கதையா? சில ஆண்டுகளுக்கு முன் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கம்பி கட்டும் வேலைக்கு வந்த ஒரு பையன், வேலையிடத்தில் கம்பி காணாமல் போனதற்காகப் பிடிபட்டான். ஜாமீன் கிடைத்தது, ஜாமீன் நிற்க ஆள் கிடைக்கவில்லை. அவன் தகப்பனார் ஊரில் அரை ஏக்கர் புஞ்சையின் பத்திரத்தை எடுத்துக்கொண்டு மூன்று நாள் கப்பலில் வந்து இறங்கினார். இந்தத் தீவுப் பத்திரம் வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் அலைந்து ஒரு கடைக்காரரைப் பிடிப்பதற்குள் நாற்பது நாளுக்கு மேல் ஓடிவிட்டது. மோதிராம் தீர்ப்பு அன்று எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பெரியவரை அழவிட்டிருக்க மாட்டோம்.

கிருஷ்ணய்யர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் படித்தவர். தலச்சேரியில் தொழிலாளர்களுக்கும் குடியானவர்களுக்கும் வாதாடிய வக்கீல். அதற்காகவே 1948-இல் சிறைக்கும் போனார். 1952-இல் சென்னைச் சட்டசபை உறுப்பினர். 1957-இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். மந்திரிசபையில் சட்ட மந்திரி. பிறகு நீதிபதியாகி, 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்றத்தில் இருந்தார். 1987-இல் ஜனாதிபதி தேர்தலில் நம்ம ஊர் ஆர். வெங்கட்ராமனிடம் தோற்றார். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

உள்ளே இருந்தவர் என்பதால்தானோ என்னவோ, சிறைக்குள் நடப்பது அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. திகார் சிறையில் சக கைதி ஒருவரை வார்டர் சித்திரவதை செய்ததைச் சுனில் பத்ரா என்ற கைதி ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பினார். முத்திரைத்தாள் இல்லை, வக்கீல் இல்லை. அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். செல்லுலார் ஜெயிலின் சுவரைப் பார்த்துக்கொண்டு வாழும் நமக்கு அதன் பெறுமதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மேஸ்திரியின் கீழ் வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். கோழிக்கோட்டில் கயிறு செய்யும் ஆலையில் 29 பேருக்கு வேலை மறுத்தார்கள். இவர்கள் கான்ட்ராக்டரின் ஆட்கள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார் முதலாளி. யாருடைய வியாபாரத்துக்காக உழைப்பு போகிறதோ, யாருடைய பிடியில் இவர்கள் பிழைப்பு இருக்கிறதோ அவரே முதலாளி, நடுவில் நிற்கும் கான்ட்ராக்டர் வெறும் திரை என்று 1978-இல் கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். பின்னால் வந்த தீர்ப்புகள் கான்ட்ராக்ட் தொழிலாளர் விஷயத்தில் இவ்வளவு தாராளமாக இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறோம். அவர் எழுதிய ஆங்கிலம் வக்கீல்களையே அகராதி தேட வைக்கும். ஏழைக்காக எழுதியது ஏழைக்குப் புரியாமல் போனது. அதனால்தான் இதை நாம் தமிழில் பேச வேண்டியிருக்கிறது.

2005-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்றால், கைதாகி ஒரு வாரத்துக்குள் ஆள் ஜாமீன் தர முடியாதவரை வசதியற்றவராகக் கருதிச் சொந்த ஜாமீனில் விட வேண்டும். 2024-இல் வந்த புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. காவலில் இருப்பவர் எவருக்கும், வருமானம் எவ்வளவானாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.

சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு திறந்திருக்கிறோம். இங்கே வீடோ நிலமோ உள்ளவர்களில், நம் பிள்ளைகளுக்கு ஜாமீன் நிற்கச் சம்மதமுள்ளவர்கள் பெயர் எழுதலாம். இதுவரை பதினொரு பேர் எழுதியிருக்கிறார்கள். மோதிராம் தீர்ப்பின் நகல் ஒன்றும் அந்த நோட்டோடு இருக்கிறது. யாராவது பிடிபட்டால் அன்றைக்கே வந்து அதை வாங்கிக்கொண்டு போங்கள், வக்கீலிடம் கொடுங்கள். கப்பல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.