நாடிழந்தோருக்கு நமது ஸதகா

 

1983-க்குப் பின் இலங்கைப் போரால் ஊரிழந்து வந்த தமிழர்கள், அருப்புக்கோட்டை அருகே குல்லூர்சந்தை மறுவாழ்வு முகாமில் வாழ்கின்றனர். அவர்கள் தொழில் தொடங்கிட நாம் நிதி திரட்டுகிறோம்.

சிலர் வினவுகின்றனர்: "1990 அக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத்தில் வெளியேற்றினார்களே! நாம் ஏன் கொடுக்க வேண்டும்?"

அவ்வேதனை உண்மையே. வடக்கிலிருந்து விரட்டப்பட்ட சுமார் 75,000 பேரில் பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாயினர். ஆயினும் விரட்டியவர் வேறு. தாமும் ஊரிழந்து இங்கு வந்தவர் வேறு. ஒருவரது பாவச்சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பதே திருக்குர்ஆனின் போதனை.

கி.பி. 615-இல் நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய ஸஹாபாக்களுக்கு அபயம் அளித்த அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி, அன்று கிறிஸ்தவர். 'இவர்கள் நம்மவரல்லர்' என அவர் கதவடைத்தாரா?

ஹிஜ்ரத்தின்போது மதீனாவில் ஸஅது இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியை அளிக்க முன்வந்தார். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கே வழி கேட்டார். எனவே நாமும் கறவை ஆடுகளும் தையல் இயந்திரங்களும் வாங்கித் தர எண்ணியுள்ளோம். ஜகாத் நிதியைத் தொடமாட்டோம். இது ஸதகா மட்டுமே.

அல்லாஹ் நம் ஸதகாவைக் கபூல் செய்வானாக! ஆமீன்.