இடித்துரைப்பாரைக் காக்கும் தலைமை



பொறி செய்வோர்க்குப் பொறியறிவு போதும். அவர்களை நடத்துவோர்க்கு அதட்டும் குரல் போதும் என்னும் எண்ணம் தொழிற்கூடங்களில் வேரூன்றிக் கிடக்கின்றது. நூறுபேர் கூடி ஒரு கருவியை ஆக்குமிடத்தில், அதன் பழுதை முதலிற் காண்பவன் தலைவன் அல்லன். அதனைத் தொட்டு வேலை செய்யும் பொறியாளனே. அவன் கண்ட பழுது தலைவன் செவியை எட்டுமா, இடையில் மடியுமா? ஒரு குழுவின் நலமும் திறமும் இவ்வொரு வினாவில் அடங்கியுள்ளன.

1979 ஆகத்து 10 அன்று சிறீஅரிக்கோட்டாவிலிருந்து எசு.எல்.வி-3 ஏவூர்தி முதன்முதலாக எழுந்தது. எழுந்த சில நிமையங்களில் வங்கக் கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநர் இராமேசுவரத்து அப்துல் கலாம். ஏவுதற்குச் சற்றுமுன் கணிப்பொறி தடுத்ததையும், வல்லுநர் சொற்கேட்டுத் தாம் அத்தடையைக் கடந்ததையும் அவரே பின்னாளில் மேடைகளில் மறையாது கூறினார். ஆயினும், அன்று செய்தியாளர்முன் நின்று பழியை ஏற்றவர் அவரல்லர். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத் தலைவர் சதீசு தவான். தம் குழு மீண்டும் முயன்று வெல்லும் என்றார் அவர். உள்ளே ஆய்வு நடந்தது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டமைப்பில் நேர்ந்த கசிவே கரணியம் என்று தெளிந்தது. தவான் செய்ததைப் பெருந்தன்மை என்று பாராட்டிவிட்டுப் போவார் உளர். அது பெருந்தன்மை மட்டுமன்று. தோல்விக்காகத் தன்னைப் பலியிடமாட்டார்கள் என்றறிந்த குழுதான் கசிவைக் கசிவென்றே எழுதிவைக்கும். 1980 சூலை 18 அன்று எசு.எல்.வி-3 உரோகிணிச் செயற்கைமதியைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அன்று செய்தியாளரைச் சந்திக்கத் தவான் கலாமையே அனுப்பினார்.

இதன் மறுதலையை அமெரிக்க விண்வெளித் துறையிலேயே காணலாம். 1986 சனவரி 28 காலை, புளோரிடாவிலிருந்து சேலஞ்சர் விண்ணோடம் எழவேண்டும். அதன் உந்துகலங்களைச் செய்து தந்தது யூட்டா மாநிலத்து மார்ட்டன் தயோக்கால் நிறுவனம். உந்துகலத்தின் மூட்டுகளில் அனல்வளி வெளியே பீறாமல் அடைப்பவை இரப்பர் வளையங்கள். குளிரில் இரப்பர் விறைக்கும். விறைத்தால் இடைவெளியை உடனே அடைக்காது. இதனைத் தீர்க்காவிடில் உயிர்கள் போகும் என்று அந்நிறுவனப் பொறியாளர் உரோசர் போசலே 1985 சூலையிலேயே மேலிடத்துக்கு மடல் எழுதியிருந்தார்.

ஏவுதற்கு முந்திய இரவு, தொலைபேசி வழியே கூட்டம் நடந்தது. ஏறத்தாழ 12 செல்சியசுப் பாகைக்குக் கீழ் ஏவலாகாது என்றனர் பொறியாளர். நாசா அலுவலர் முகஞ்சுளித்தனர். ஏவினால் கெடும் என்பதற்கு உறுதியான சான்று கேட்கப்பட்டது. வினா தலைகீழானது! ஏவுவதால் கேடில்லை என்று மெய்ப்பிக்கவேண்டியவன் ஏவச் சொல்பவன் அன்றோ? நிறுவனத்தார் தொடர்பை நிறுத்தித் தமக்குள் அரைமணிநேரம் பேசினர். பொறியியல் துணைத்தலைவரை நோக்கி, பொறியாளர் தொப்பியைக் கழற்றி மேலாளர் தொப்பியை அணியுமாறு கூறினார் அவர்க்கு மேலவர். முடிவெடுத்தவர் நால்வர், நால்வரும் மேலாளர். அறையிலிருந்த பொறியாளரை எவரும் கேட்கவில்லை. விடை என்னவென்று தெரிந்தமையால்தான் கேட்கவில்லை போலும்.

புளோரிடாவிலிருந்த அந்நிறுவனத்து ஆலன் மெக்டொனால்டு ஒப்பமிட மறுத்தார். யூட்டாவிலிருந்து வேறொருவர் ஒப்பமிட்டு அனுப்பினார். எழுந்த 73ஆம் நொடியில் விண்ணோடம் சிதைந்தது. பள்ளி ஆசிரியை ஒருவர் உள்ளிட்ட எழுவரும் மாண்டனர்.

அதன் பின்னும் பாடம் படிந்ததா? உசாவற் குழுவின்முன் உண்மை கூறிய மெக்டொனால்டு பொறுப்பிலிருந்து இறக்கப்பட்டார். போசலே ஒதுக்கப்பட்டு, நிறுவனத்தை விட்டே நீங்கினார். அமெரிக்க நாடாளுமன்றத்தார் சினந்து தலையிட்ட பின்னரே, மூட்டுகளைத் திருத்தியமைக்கும் பணி மெக்டொனால்டிடம் வந்தது. அவ்வாறு திருந்திய உந்துகலங்களோடு 1988 செப்டம்பர் 29 அன்று விண்ணோடம் மீண்டும் பறந்தது.

வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என ஓரதிகாரமே வகுத்து, இடித்துரைப்பாரின் தேவையை அரசர்க்குச் சொன்னார். தொழிற்கூடத் தலைவர்க்கும் அது பொருந்தும். கூட்டத்தில் இளையவனை முதலிற் பேசவிட்டுத் தலைவன் இறுதியிற் பேசுக. முன்னே பேசினால், பின்னே எழுவது எதிரொலியே. வேண்டாத செய்தி கொணர்ந்தவனுக்கு எல்லார் முன்னிலும் நன்றி கூறுக. 'ஐயமிருப்பின் சொல்லுங்கள்' என்று சுவரில் எழுதிவைப்பது எளிது. சொன்னவன் மறுநாள் எவ்வாறு நடத்தப்படுகின்றான் என்பதையே குழு முழுதும் உற்றுநோக்கும்.

2003 சனவரியில் கொலம்பியா விண்ணோடம் எழும்போது, நுரைக்கட்டி ஒன்று பெயர்ந்து அதன் இடச்சிறகில் மோதியது. சிறகைப் படமெடுத்துப் பார்க்கவேண்டும் என்று பொறியாளர் கேட்டனர், மேலிடம் இசையவில்லை. அவருள் ஒருவர் தம் அச்சத்தையெல்லாம் கொட்டிக் கடுமையாக ஒரு மடல் எழுதினார். எழுதியதை மேலிடத்துக்கு விடுக்கவில்லை. பிப்பிரவரி 1 அன்று, திரும்பும் வழியில் விண்ணோடம் உடைந்து எழுவர் இறந்தனர். அம்மடல் பின்னரே வெளிவந்தது.