மலைமேல் ஒரு மின்சாரத் தொட்டி

ஆடி மாதக் காற்று ஆரல்வாய்மொழியில் நள்ளிரவிலும் ஓயாது. காற்றாலைகள் சுற்றும், மின்சாரம் கொட்டும். ஊரோ தூங்கிக்கொண்டிருக்கும். சூரிய மின்சாரமும் அப்படித்தான்: உச்சிவெயிலில் பெருகும், நாம் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு யூனிட்கூடத் தராது.

மிஞ்சியதை எங்கே சேர்த்து வைப்பது? பேட்டரி ஒரு வழி. இன்னொன்று, வெறும் தண்ணீர். கோவை மாவட்டத்து ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் 1980களிலிருந்தே இதைச் செய்கிறது. மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை, இடையே மலையைக் குடைந்து நிலத்தடியில் நான்கு எந்திரங்கள், மொத்தம் 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும்போது எந்திரம் பம்பாகி நீரை மேலே தள்ளும். தேவை ஏறும்போது மேலிருந்து பாயும் நீரில் அதே எந்திரம் எதிர்த்திசையில் சுழன்று மின்சாரம் தரும். இப்படிப்பட்ட நிலையங்களில், நான்கு யூனிட் செலவழித்தால் ஏறக்குறைய மூன்று திரும்பக் கிடைக்கும். வீணாகப் போவதற்கு இது எவ்வளவோ மேல்! நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொரு நிலையத்துக்கான பணியும் தொடங்கியது. இன்னும் பல வேண்டும் என்பதே என் கருத்து.

நம் வீட்டு மாடித் தொட்டியும் ஒரு குட்டிக் காடம்பாறைதான். மோட்டாரை மாலையில் போடாமல், வெயில் உச்சியில் இருக்கும்போதே போட்டுத் தொட்டியை நிரப்பி வையுங்களேன்.