தூண்களுக்குள் வாழ்ந்த சமுதாயம்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஒல்லாந்தர் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவன பழவேற்காட்டுக் கோட்டையும் நாகப்பட்டினமும். நாகையையும் யாழ்ப்பாணத்தையும் 1658இல் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றிய அவர்கள், யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். கோவாவில் பிறந்த ஜோசப் வாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடம் பூண்டு அங்கே சென்று, மறைவிலேயே பணியாற்ற வேண்டியதாயிற்று. அத்தடை நம்மவர்க்கென்று புதிதாக வகுத்ததன்று. சொந்த நாட்டில் தம் மக்களிலேயே ஒரு பகுதியினர்க்கு அவர்கள் விதித்திருந்ததுதான். அந்த ஒல்லாந்துக் கத்தோலிக்கரின் நிலை பின்னர் எவ்வாறு மாறிற்று என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். பெருங்கூட்டத்தின் நடுவே சிறு கூட்டமாகக் குடியிருக்கும் நமக்கு அவ்வரலாற்றில் கேட்கத்தக்கது உண்டு.

ஸ்பெயின் மன்னனை எதிர்த்து எழுந்த நாடு அது. மன்னன் கத்தோலிக்கன், ஆகவே கத்தோலிக்கர் யாவரும் ஐயத்திற்குரியவர் ஆயினர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அவர்கள் வெளிப்படையாக வழிபடலாகாது. அரசாங்கப் பதவி வகிக்கலாகாது. ஆயினும் வணிகம் செய்யத் தடையில்லை. அதிகாரிகளுக்குப் பணம் கட்டினால் மறைவான வழிபாட்டைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். (காசு பேசாத தேசம் எது?) ஆம்ஸ்டர்டாமில் ஒரு வணிகர் 1663இல் தம் வீட்டு மேல்மாடத்தையும் பின்கட்டு வீடுகளின் மேல்மாடங்களையும் இணைத்து ஒரு கோயிலே அமைத்துவிட்டார். தெருவிலிருந்து பார்ப்போர்க்கு அது வெறும் வீடு. 1887 வரையில் அங்கே பூசை நடந்தது. பின்னர் அது காட்சிசாலையாயிற்று. தெற்கே பிராபந்து, லிம்பர்க் பகுதிகளில் ஏறக்குறைய அனைவரும் கத்தோலிக்கர். அப்பகுதிகளுட் பெரும்பாலானவையோ, ஆட்சி மன்றத்தில் குரலின்றி ஆளப்பட்ட நாடுகளாகவே இருந்தன.

1796இல் சட்டம் சமத்துவம் அளித்தது. ஆனால் ஏட்டில் எழுதிய சமத்துவம் தெருவில் இறங்கி நடப்பதற்கு நாளாகும். 1853இல் போப்பாண்டவர் அந்நாட்டிற்கு மீண்டும் ஆயர்களை நியமித்தபோது, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு மன்னரிடம் முறையிட்டனர். தோர்பெக்கின் மந்திரிசபையே கவிழ்ந்தது. தெருவில் தேர்ப்பவனி போவதற்கு இருந்த கட்டுப்பாடு அரசியல் சட்டத்திலிருந்து நீங்கியது 1983இல்தான் என்றால் நம்புவீர்களா?

இந்நிலையில் அவர்கள் என் செய்தனர்? பிறர் வாயிலில் நின்று கேட்பதை விடுத்துத் தமக்கென்று ஒரு வீட்டைக் கட்டத் தொடங்கினர். முதலில் பள்ளிக்கூடம். குருவும் கவிஞருமான ஸ்காப்மன் 1880இல் பாராளுமன்றம் புகுந்தார். பழம்பகைவரான கால்வின் சபையாரோடு கை கோத்தார். அவர்களுக்கும் தம் பள்ளிகளுக்கு அரசாங்கப் பணம் தேவைப்பட்டது. 1917இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, சமயப் பள்ளிகளுக்கும் பொதுப் பள்ளிகளுக்கு நிகரான மானியம் உறுதியாயிற்று. அடுத்த ஆண்டே ஒரு கத்தோலிக்கர் முதன்முறையாகப் பிரதம மந்திரியானார். 1923இல் நைமேகனில் பல்கலைக் கழகம். 1925இல் சொந்த வானொலி நிறுவனம். பத்திரிகை, தொழிற்சங்கம், மருத்துவமனை, கால்பந்துக் குழு என அனைத்தும் தமக்கென்றே அமைந்தன. வெள்ளாடு வளர்ப்போர்க்கும் கத்தோலிக்கச் சங்கம் இருந்தது. ஆட்டுக்கு எந்தச் சமயம் என்று கேட்டவர் இல்லை போலும்! ஏனைய பிரிவினரும் இவ்வாறே வாழ்ந்தனர். ஒரே கூரையைத் தாங்கும் தனித்தனித் தூண்கள் என்று இம்முறையை அந்நாட்டார் வருணித்தனர். உச்சியில் தலைவர்கள் சந்திப்பார்கள். அடியில் மக்கள் சந்திப்பதில்லை.

1954இல் ஆயர்கள் ஓர் அறிக்கை விடுத்தனர். சோஷலிஸ்ட் தொழிற்சங்கத்தில் சேரலாகாது, அவர்களுடைய வானொலியை வழக்கமாகக் கேட்கலாகாது, மீறினோர்க்குத் திருவருட்சாதனங்கள் மறுக்கப்படும் என்றனர். பதினோரே ஆண்டுகளில், 1965இல், அத்தடை திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டில் பெரிய கத்தோலிக்க நாளேடான 'வோல்க்ஸ்கிராந்து' தன் தலைப்பிலிருந்து கத்தோலிக்கம் என்ற அடைமொழியை எடுத்துவிட்டது. 1963இல் பாராளுமன்றத்தில் 50 இடம் பெற்றிருந்த கத்தோலிக்கக் கட்சி 1972இல் 27 இடத்துக்கு இறங்கிற்று. 1980இல் பழைய எதிரணியினரோடு ஒரே கட்சியாக இணைந்தது.

இவ்வளவு விரைவாக இடிந்தது ஏன்? வாட்டிகன் சங்கம் ஒரு காரணம். பெருகிய செல்வமும், அரசாங்கமே தந்த முதியோர் உதவிப் பணமும் வேறு காரணங்கள். டெலிவிஷனை நாம் குறைத்து எண்ணுவதற்கில்லை. 1964 வரையில் அங்கே ஒரே அலைவரிசைதான். எல்லாப் பிரிவினரின் நிகழ்ச்சிகளும் அதிலேயே வந்தன. அயலான் கூடத்துக்குள் வந்து அமர்ந்து பேசினான். அவனும் நம்மைப் போன்ற மனிதனே என்று பிள்ளைகள் கண்டனர். ஆயினும் தலையாய காரணம் வேறென்று கருதுகிறோம். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அந்த மதிலைப் பகைவர் இடிக்கவில்லை. மதிலுக்குள் படித்துப் பட்டம் பெற்ற பிள்ளைகளே, இனி இது எதற்கு என்று கேட்டுத் திறந்துவிட்டனர். நம் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைவதைப் பற்றிச் செயற்குழுவில் நாம் வருந்தும்போது இந்நிகழ்ச்சி மனத்தில் எழாமல் இல்லை.

1960இல் நாட்டு மக்களில் நூற்றுக்கு 40 பேர் கத்தோலிக்கர். 2023இல் 20க்கும் குறைவு. நைமேகன் பல்கலைக் கழகம் கத்தோலிக்கம் என்ற அடையை 2020இல் இழந்தது. இழப்புத்தான். ஆனால் மற்றொன்றையும் பாருங்கள். 1964இல் அரசகுமாரி இரேன் கத்தோலிக்கத்தைத் தழுவி ஸ்பெயின் அரியணைக்கு உரிமை கோரிய குடும்பத்துக் கோமகன் ஒருவரை மணந்தபோது நாடே கொந்தளித்தது; அரசுரிமையையும் அவர் இழந்தார். 2013இல் அரசியான மாக்சிமா பிறப்பிலேயே கத்தோலிக்கர். அதைக் குறித்து நாடு அமளிப்படவில்லை.

1917இல் பெற்ற அந்தப் பள்ளிச் சட்டமோ நிலைத்து நிற்கிறது. கத்தோலிக்கப் பள்ளிகளில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பயில்கின்றனர். துருக்கியிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் குடியேறிய முஸ்லிம்கள் 1988 முதல் அதே சட்டத்தின்கீழ் தமக்கென்று பள்ளிகளைத் திறந்தனர். அவ்வாறே திறந்த மற்றொரு சாரார் சூரினாமிலிருந்து வந்த இந்துக்கள். நம் நாட்டிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள்.