யாரை நம்புகிறது நீதிமன்றம்?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சமூகப் பிரச்சினைகளில் பழமைவாத அரசியல்வாதிகளையும் நீதிபதிகளையும் தாராளவாதிகள் எப்படி விமர்சிக்கிறார்கள், அந்த விமர்சனம் நமக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதுதான் எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு. நான் வக்கீல் இல்லை. பேங்க் கிளார்க். கவிதை எழுதுகிறவன். சட்டக் கல்லூரி மாணவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கீங்க, உங்களுக்குச் சட்டம் சொல்லித்தர நான் வரலை. தீர்ப்பு என்பதும் ஒரு பிரதிதான். யாரோ ஒருவர் எழுதியது. எழுதியவருடைய உலகம் அதற்குள் இருக்கிறது. அந்தப் பிரதியை நாம் எப்படி வாசிக்கணும் என்பதை மட்டும் பேசுகிறேன்.

லிபரல்களின் விமர்சனம் வழக்கமாக எப்படி இருக்கும்? இந்த நீதிபதி பிற்போக்கானவர், அந்த அமைச்சர் படிக்காதவர் மாதிரிப் பேசுகிறார், இந்தக் காலத்திலும் இப்படியா என்று முகம் சுளிப்பார்கள். முகம் சுளிப்பதில் தப்பில்லை. ஆனால் அதற்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. கோளாறு அந்த ஆளிடம் இருக்கிறது, அவர் போய் நாகரிகமான ஒருவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற நம்பிக்கை. நான் சொல்ல வருவது வேறு. சனாதனம் தீர்ப்புக்குள் வசைச்சொல்லாக வருவது அபூர்வம். 'நம்பும்படியாக இல்லை' என்ற இரண்டு வார்த்தைகளாகத்தான் அது வரும். மிக மரியாதையாக வரும்.

வெண்மணியை எடுத்துக்குவோம். 1968 டிசம்பர் 25. அன்றைய தஞ்சை மாவட்டத்தில் கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி பிடித்த நம் ஜனங்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பைத் தேடிப் படியுங்க. குற்றம் சாட்டப்பட்ட 23 பேருமே மிராசுதார்கள் என்பது நீதிமன்றத்துக்கு வியப்பாக இருக்கிறது. பெரும்பாலும் பணக்காரர்கள், ஏராளமான நிலம் உள்ளவர்கள், அதில் ஒருவரிடம் கார்கூட இருக்கிறது. இப்பேர்ப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்று நம்புவது கடினம் என்கிறது தீர்ப்பு.

இதில் சட்டம் எங்கே இருக்கிறது? எந்தப் பிரிவு? எந்த உட்பிரிவு? கார் வைத்திருப்பவன் தீ வைக்க மாட்டான் என்று எந்தச் சாட்சியச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? எங்கேயும் இல்லை. அது அந்த நீதிபதிகள் வாழ்ந்த உலகத்தின் பொதுப்புத்தி. தங்களுக்குத் தெரிந்த பெரிய மனுஷன் ஒருவனை மனசில் நிறுத்தி, அவன் இதைச் செய்வானா என்று கேட்டுக்கொள்கிறார்கள். செய்யமாட்டான் என்று பதில் வருகிறது. பசித்தவனைப் போல அவன் ஆத்திரத்தில் இறங்கிவிட மாட்டான், தனக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வான் என்றும் தீர்ப்பு சொல்கிறது. வன்முறை பசித்தவனின் குணம், நிதானம் நிலமுள்ளவனின் குணம் என்று ஆயிடுச்சு. உயிர் தப்பியவர்கள் கூண்டில் ஏறிச் சொன்ன சாட்சியத்தை இந்த ஒரு அனுமானம் தோற்கடித்தது.

இது எனக்குப் புதுசாகத் தெரியவில்லை. கவுண்டரில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், 'நல்ல பார்ட்டி' என்ற ஒரு சொல்லுக்கு எவ்வளவு பலம் என்று. காரில் வந்து இறங்குகிறவருக்கு மேனேஜர் அறையில் நாற்காலி கிடைக்கும். தவணை தவறினாலும் 'ஏதோ நெருக்கடி, கட்டிருவார்' என்பார்கள். சேரியிலிருந்து வருகிற பெண், தவணைப் பணத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கட்டினாலும், அடுத்த கடனுக்கு ரெண்டு ஜாமீன் கேட்பார்கள். லெட்ஜரில் இருக்கிற கணக்கு ஒன்று, ஆளைப் பார்த்ததும் மனசில் போடுகிற கணக்கு இன்னொன்று. பேங்கில் அது கடனோடு போகும். கோர்ட்டில் உயிரோடு போகும்.

வெண்மணி பழைய கதை என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக மேலும் இரண்டு. 1972இல் மகாராஷ்டிராவில் மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமி காவல் நிலையத்துக்குள்ளேயே வன்புணர்வுக்கு ஆளானாள். உடம்பில் காயமில்லை, அவள் எதிர்த்துக் கத்தியதாக நம்பும்படியாக இல்லை என்று சொல்லி 1978இல் உச்ச நீதிமன்றம் போலீஸ்காரர்களை விடுவித்தது. ராத்திரி நேரம், போலீஸ் ஸ்டேஷன், ஆதிவாசிப் பெண். அங்கே அவள் யாரைக் கூப்பிட்டுக் கத்துவாள்? போலீசையா?

அடுத்தது ராஜஸ்தான். பன்வாரி தேவி, குயவர் சாதியில் பிறந்தவர், அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்ட ஊழியர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார் என்பதற்காக 1992 செப்டம்பரில் அவர் மேல் வன்புணர்வு நடந்தது. 1995 நவம்பரில் ஜெய்ப்பூர் அமர்வு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, மேல்சாதி ஆண் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டுத் தன்னைத் தீட்டாக்கிக்கொள்ள மாட்டான் என்பது. தீட்டையே சாட்சியாக ஏற்றிவிட்டார்கள். தண்ணிக்குடத்தைத் தொட்டால்தான் தீட்டு, உடம்பைக் கிழித்தால் தீட்டில்லை என்பது நம் ஒவ்வொரு ஊருக்கும் தெரியும். அந்த நீதிமன்றத்துக்கு மட்டும் தெரியவில்லை.

இப்ப லிபரல் விமர்சனத்துக்கு வருவோம். கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிட்டுத்தான் பேசணும். மதுரா தீர்ப்பை எதிர்த்து 1979இல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் வெறுமனே முகம் சுளிக்கவில்லை. தீர்ப்பின் வாக்கியத்தைக் கையில் எடுத்தார்கள். பயந்து பணிவது வேறு, சம்மதிப்பது வேறு, இரண்டையும் எப்படி ஒன்றாக்கினீர்கள் என்று கேட்டார்கள். பெண்கள் அமைப்புகள் அந்தக் கேள்வியைத் தெருவுக்குக் கொண்டுபோயின. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்புணர்வில், சம்மதமில்லை என்று பெண் சொன்னால் சம்மதமில்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று வந்தது. கவனியுங்க, மாறியது அனுமானம். அதுவரை போலீஸ்காரன் பக்கம் இருந்த அனுமானம் பெண்ணின் பக்கம் வந்தது. நல்ல விமர்சனம் என்றால் இதுதான்.

ஆனால் பன்வாரி தேவி விஷயத்தில் நடந்ததைப் பாருங்க. பெண்கள் அமைப்புகள் போராடி உச்ச நீதிமன்றம் போனார்கள். 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது. பணியிடப் பாலியல் தொந்தரவுக்கு எதிரான நெறிமுறைகள் வந்தன, 2013இல் தனிச் சட்டமே வந்தது. இன்று எங்கள் பேங்கில்கூட அதற்கான குழு இருக்கிறது, நோட்டீஸ் போர்டில் பெயர்கள் இருக்கின்றன. நல்லதுதான், வேண்டியதுதான். பன்வாரியின் மேல்முறையீடோ ஆண்டுக்கணக்காகக் கிடந்தது. மேல்சாதிக்காரன் தொடமாட்டான் என்ற வாக்கியத்துக்கு விசாகாவில் பதில் கிடையாது. பெண் என்பதை எடுத்துக்கொண்டார்கள், சாதி என்பதை அப்படியே கீழே விட்டுவிட்டார்கள். லிபரல் விமர்சனம் வழிநெடுக நம்மோடு வரும், சேரி முக்கு வந்ததும் நின்றுவிடும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அரசியலிலும் இதே கதைதான். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைப் பழமைவாதிகள் எதிர்த்தார்கள், அதில் அதிசயமில்லை. ஆதரித்த நேரு கடைசியில் அதைக் கைவிட்டதுதான் செய்தி. பாபாசாகேப் 1951 செப்டம்பரில் மந்திரி பதவியைத் தூக்கிப்போட்டார்.

இன்னும் கிட்டத்தில் வருவோம். 2019 ஜனவரியில் 103ஆவது அரசியல் சட்டத் திருத்தம், பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்குப் பத்து சதவீதம். ஆனால் தலித், ஆதிவாசி, பிற்படுத்தப்பட்டோரில் உள்ள ஏழைகளுக்கு அதில் இடமில்லை. ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குக் கீழே என்றால் மற்றவர்கள் ஏழை. நூறு நாள் வேலைக்குப் போகிற நம்ம அத்தை ஏழை இல்லை! மக்களவையில் 323 பேர் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு. பழமைவாதிகள் கொண்டுவந்ததைக் காங்கிரசும் ஆதரித்தது, மார்க்சிஸ்ட் கட்சியும் ஆதரித்தது. நாள் முழுக்கச் சண்டை போடுகிறவர்கள் ஒரே நாளில் ஒன்றாகக் கையைத் தூக்கினார்கள் என்றால், அவர்களுக்கு நடுவே பொதுவாக என்ன இருந்தது என்று யோசியுங்க.

2018 மார்ச் 20ஆம் தேதித் தீர்ப்பு உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி, வழக்குப் பதிவுக்கு முன் முதல்கட்ட விசாரணை நடத்தலாம், கைதுக்கு மேலதிகாரியின் அனுமதி வேண்டும், முன்ஜாமீனும் தரலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். இத்தனை புகார்கள் பொய் என்று போலீஸ் முடித்த கணக்கை ஆதாரமாகக் காட்டினார்கள். இங்கேதான் நாம் உஷாராக இருக்கணும். 1997 டிசம்பர் 1 அன்று பீகாரின் லட்சுமண்பூர் பாதேயில் 58 பேரை ரண்வீர் சேனை கொன்றது. விசாரணை நீதிமன்றம் 26 பேரைத் தண்டித்தது. 2013 அக்டோபரில் பாட்னா உயர் நீதிமன்றம் 26 பேரையும் விடுவித்தது. சாட்சிகள் நம்பத்தகுந்தவர்கள் அல்ல என்றது. சாட்சியை நம்பாமல் விடுதலை. விடுதலையானதால் வழக்கே பொய் என்று ஊர்ப்பேச்சு. அந்தப் பேச்சுக்குக் கணக்கு வடிவம் கொடுத்தால், சட்டத்தின் பல்லைப் பிடுங்க அதுவே ஆதாரம். செக்குமாடு மாதிரி இது சுற்றிச் சுற்றி வரும்.

அந்தத் தீர்ப்பை எது அசைத்தது? தலையங்கங்கள் வந்தன, இல்லை என்று சொல்லலை. அசைத்தது ஏப்ரல் 2. வட இந்தியா முழுக்க நம் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். குவாலியரில், பிண்டில் உயிர்கள் போயின. ஆகஸ்டில் அதே பழமைவாத அரசே பாராளுமன்றத்தில் 18ஏ பிரிவைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பதிவுக்கு முன் விசாரணை தேவையில்லை, கைதுக்கு அனுமதி தேவையில்லை. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தன் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. தலித்துகளும் ஆதிவாசிகளும் ஒரு வர்க்கமாகச் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று அனுமானிக்க முடியாது என்று சொன்னது. மறுபடியும் பாருங்க, சண்டை அனுமானத்தின் மேல்தான்.

ஆளைப் பார்த்துத் தீர்மானிக்காதீங்க என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 தீர்ப்பில் இருந்த இரண்டு நீதிபதிகளில் ஒருவர் லலித். 2022 நவம்பரில் அந்தப் பத்து சதவீத வழக்கில், நீதிபதி பட் எழுதிய மாறுபட்ட தீர்ப்போடு சேர்ந்துகொண்டவரும் அதே லலித்தான். ஏழைகளிலேயே பரம ஏழைகளை வெளியே நிறுத்துவது சமத்துவமா என்று கேட்ட பக்கம் அது. மூன்றுக்கு இரண்டில் அது தோற்றது. நீதிபதி பர்திவாலா 2015இல் குஜராத் உயர் நீதிமன்றத்தில் இடஒதுக்கீட்டை நாட்டைக் கெடுத்த இரண்டு விஷயங்களில் ஒன்றாக எழுதினார். மாநிலங்களவை உறுப்பினர்கள் 58 பேர் பதவிநீக்க நோட்டீஸ் கொடுத்ததும் அந்தப் பகுதி நீக்கப்பட்டது. லிபரல்கள் வெற்றி என்றார்கள். 2022இல் பெரும்பான்மைத் தீர்ப்பில் அவர் இருந்தார், இடஒதுக்கீடு காலவரையின்றித் தொடரக்கூடாது என்று எழுதினார். காகிதத்திலிருந்து பத்தியை நீக்கலாம். அதன் பின்னால் இருக்கிற அனுமானத்தை நீக்க நோட்டீஸ் போதாது.

சரி, நாம் என்ன செய்யணும்? மூன்று வேலைகள் சொல்கிறேன்.

ஒன்று, தீர்ப்புகளைத் தமிழில் வாசிக்க வைக்கணும். 2023 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பல தமிழிலும் வெளியாகின்றன. மொழி கரடுமுரடாகத்தான் இருக்கும். சட்டக் கல்லூரித் தோழர்கள் அதைத் திருத்தி, ஊர்ப் படிப்பு வட்டங்களில் வாசிக்கணும். வெண்மணித் தீர்ப்பிலிருந்து தொடங்குங்க.

இரண்டு, ஸ்டேஷனுக்குத் துணைக்குப் போகணும். சாட்சி நம்பத்தகுந்ததல்ல என்று பத்து வருஷம் கழித்து எழுதப்படும் வாக்கியத்துக்கு முதல் நாள் ராத்திரியே அஸ்திவாரம் போட்டுவிடுகிறார்கள். ஏட்டு சுருக்கி எழுதிய புகாரில், விட்டுப்போன பெயரில், தப்பான நேரத்தில். புகார் முழுசாக எழுதப்படுகிறதா, முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகக் கையில் வந்ததா, விசாரிப்பவர் டிஎஸ்பிக்குக் குறையாத அதிகாரியா என்று பாருங்க. 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் உரிமைகள் கொடுத்திருக்கிறது. ஜாமீன் விசாரணை என்றைக்கு என்று தெரிவிக்கணும், நம் தரப்பைக் கேட்கணும். கேட்க ஆள் போனால்தான் அந்தப் பிரிவுக்கு உயிர்.

மூன்று, லிபரல் நண்பர்களோடு சேர்ந்து போவோம். 1979 கடிதத்தை எழுதியவர்கள் அவர்களில்தான் இருந்தார்கள். ஆனால் கூட வருகிறவர்களிடம் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே போவோம். பேச்சுரிமைக்கு, பெண்ணுரிமைக்கு, மத உரிமைக்கு நீங்க எழுதின அதே பேனா, பத்து சதவீதத்துக்கு ஏன் எழுதலை? பன்வாரியின் தீர்ப்பில் இருந்த தீட்டை ஏன் தாண்டிப் போனீங்க? பகையோடு கேட்க வேண்டாம். பதில் வரும் வரைக்கும் கேட்போம்.

நம் சாட்சியம் நம்பும்படியாக இல்லை என்று இனி ஒரு நீதிமன்றம் எழுதினால், ஏன் நம்பவில்லை, எதை வைத்து நம்பவில்லை என்று வரிவரியாகக் கேட்க ஆள் இருக்கணும். அந்த ஆட்கள் இந்த அறையிலிருந்து வரணும்.

இனி விவாதிப்போம்.