இல்லையென்று எழுதுமுன்



இலங்கையின் வட பகுதியில், மலேரியாக் கிருமியைத் தேடும் ஆய்வுகூடமொன்றிற் பல்லாண்டு பணியாற்றியவன் யான். காய்ச்சற்காரர் விரலிலிருந்து எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டிற் பூசிச் சாயமிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்பதே என் தொழில்.

அத்தொழிலின் அருமையை அறிய, பழைய வரலாறு சிறிது வேண்டும். 1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் அனோபிலிசு நுளம்பு பெருகிற்று. அடுத்த ஆண்டுவரை நீடித்த அக்கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பின்னர் வீட்டுச் சுவர்களில் டீ.டீ.ரீ. மருந்து தெளிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் காணப்பட்ட நோயாளர் 17 பேரே! பகை ஒழிந்ததென்று எண்ணினர். தெளிப்பது நின்றது; தேடுவதும் தளர்ந்தது. ஐந்தாறு ஆண்டுகளுள் இலட்சக்கணக்கானோர் மீண்டும் குளிர்காய்ச்சலால் நடுங்கினர். நெருப்பிலும் பகையிலும் மிச்சம் வைக்கலாகாதென்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

என் குறையொன்றையும் ஒளியாது கூறுவேன். நோய் அருகிவிட்ட காலம். வாரக்கணக்காகப் பார்த்தும் ஒரு தகட்டிலேனும் கிருமியில்லை. ஒருநாள் மாலை, எஞ்சிய பத்துத் தகடுகளைப் பாராமலே 'இல்லை' என்றெழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். அப்பொழுது அந்தப் 17 என்ற எண் நினைவிற்கு வந்தது. விளக்கை ஏற்றிப் பத்தையும் பார்த்தேன். ஒன்றிலும் கிருமியில்லை. பாராமல் எழுதியிருந்தாலும் அதே சொல்லைத்தான் எழுதியிருப்பேன். ஆனால் அது வெறும் ஊகம். பார்த்தபின் எழுதியதோ உண்மை.

இத்தகைய 'இல்லை'கள் பல்லாயிரம் சேர்ந்தே வெற்றியாயின. உள்நாட்டில் தொற்றும் மலேரியா 2012ஆம் ஆண்டோடு அற்றுப்போக, 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கிற்று. எனினும் மறு ஆண்டே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு ஸ்டீபன்சி என்னும் நுளம்பு மன்னார்க் கிணறுகளிற் காணப்பட்டதாக ஆய்வாளர் அறிவித்தனர். அதுவும் தேடியதனால் தெரிந்ததே.

நண்பர்களே, மலேரியா உள்ள நாட்டிற்குச் சென்று மீண்டவருக்குக் காய்ச்சல் கண்டால், அப்பயணத்தை வைத்தியரிடம் சொல்லி இரத்தம் சோதிக்கச் செய்யுங்கள். சுகாதாரப் பரிசோதகர் கிணற்றையும் தொட்டியையும் காண வந்தால் வழிவிடுங்கள். நோயில்லாத ஊரிலும் நோயைத் தேடுவோர் வீண்வேலை செய்பவரல்லர், அவ்வூருக்குக் காவலிருப்பவர்.